வில்லன் இல்லாத வீடுகள்: உருதுச் சிறுகதைகளில் ஆணாதிக்கம்

"உருதுச் சிறுகதைகளில் ஆணாதிக்கம் எப்படி வருகிறது, அதன் பின்னாலிருக்கும் சமூகச் சூழல் என்ன? மண்ட்டோவைக் கொஞ்சம் படித்திருக்கிறேன், மற்றவர்கள் பற்றித் தெரியாது. இந்தக் கதைகளில் பெண்கள் வெறும் பலியாட்கள்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆணாதிக்கத்தை ஒரு பக்கமும் சமூகச் சூழலை இன்னொரு பக்கமும் வைத்துக் கேட்கிறீர்கள். பல வருடங்களாக இந்தக் கதைகளைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்குப் பிடிபட்டது, நல்ல உருதுக் கதையில் அந்த இரண்டையும் பிரித்தெடுக்கவே முடியாது என்பதுதான். கையை ஓங்கிக்கொண்டு ஒரு வில்லன் தனியாக வந்து நிற்பது குறைவு. வீட்டைக் கட்டியிருக்கும் விதம், உடுத்தும் துணி, ரயிலடி, முனிசிபல் ஆபீஸ் ஆகியவையே அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. பல கதைகளில் ஆண் நல்லவனாகக்கூட இருக்கிறான். அந்தக் கதைகள்தான் என்னை அதிகம் உலுக்குகின்றன.

ஒரு சின்ன உதாரணம். உருதுப் பெண் எழுத்தாளர் இஸ்மத் சுக்தாயின் 'லிஹாஃப்' 1942இல் வெளிவந்தது. லிஹாஃப் என்றால் பஞ்சு வைத்துத் தைத்த குளிர்காலப் போர்வை. பேகம் ஜானுக்கும் அவளுடைய பணிப்பெண்ணுக்கும் இடையே போர்வைக்கடியில் என்ன நடந்தது என்பதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு மறக்க முடியாதது அதற்கு முன்னால் வரும் ஒரு வரி. நவாபு வயதானவர், ஹஜ் போய்வந்தவர், தாசி வீட்டுப் பக்கமே போகாதவர் என்று பேர் எடுத்தவர். அவர் பேகம் ஜானைக் கல்யாணம் செய்து அழைத்துவந்து, வீட்டில் இருக்கும் மற்ற சாமான்களோடு அவளையும் வைத்துவிட்டு மறந்துபோகிறார். மெல்லிய இடையுடைய இளம் மாணவர்களை வீட்டில் வைத்துப் பராமரிப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு. அடிக்கவில்லை, திட்டவில்லை, சோறு துணிக்குக் குறை வைக்கவில்லை. கட்டில், அலமாரி, மனைவி, அவ்வளவுதான்.

இந்தக் கதைக்கு லாகூர் நீதிமன்றத்தில் ஆபாச வழக்கு நடந்தது. ஆபாசமான சொல் எது என்று காட்டச் சொன்னபோது, 'காதலர்களைச் சேர்ப்பது' என்று வரும் இடத்தைச் சாட்சி ஒருவர் சுட்டிக்காட்டினாராம். எந்தச் சொல், 'சேர்ப்பதா' 'காதலரா' என்று வக்கீல் மடக்கியதை இஸ்மத்தே தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். நல்ல குடும்பத்துப் பெண்கள் அப்படிச் செய்வது தப்பு என்பதுதான் கடைசியில் அந்தச் சாட்சி சொன்ன பதில். நவாபின் வீட்டில் மாணவர்கள் தங்கியிருந்ததை யாரும் ஆபாசம் என்று எடுத்துச் சொன்னதாக அதில் வரவில்லை.

சரி, பின்னணிக்கு வருகிறேன். வட இந்தியாவில் கொஞ்சம் வசதியுள்ள முஸ்லிம் வீடுகள் இரண்டாகப் பிரிந்திருந்தன. முன்பக்கம் மர்தானா, ஆண்களின் இடம். உள்ளே ஜனானா, பெண்களின் இடம். வெளியே போக பர்தா வேண்டும், பல்லக்கு வேண்டும், கூட ஆள் வேண்டும். இப்படி அடைந்து கிடந்ததாலேயே தில்லி, லக்னோ பெண்களுக்கென்று தனி உருதே உருவானது. பேகமாத்தி ஜபான் என்று அதைச் சொல்வார்கள். பழமொழியும் சாபமும் கிண்டலும் கொஞ்சலும் நிறைந்த பேச்சு. ஆண் எழுத்தாளர்கள் அதைக் கேட்டு எழுதினார்கள். இஸ்மத் அதிலேயே பிறந்து வளர்ந்ததால் கதை முழுக்க அந்தப் பேச்சிலேயே ஓடுகிறது. மொழிபெயர்ப்பில் நாம் முதலில் இழப்பது இதைத்தான். நம் ஊர்த் திண்ணையில் பாட்டிகள் பேசும் பேச்சை மேடைத்தமிழில் எழுதிவிட்டால் என்ன ஆகுமோ, அது ஆகிவிடுகிறது.

இந்த ஜனானாவைச் சீர்திருத்த வந்த முதல் தலைமுறையும் ஆண்கள்தான். நசீர் அகமதுவின் 'மிராத்துல் உரூஸ்' 1869இல் வந்தது. அக்பரி, அஸ்கரி என்று அக்கா தங்கை. மூத்தவள் குடும்பத்தைக் குலைப்பவள், இளையவள் கட்டிக்காப்பவள். பெண் படிக்க வேண்டும் என்று அந்த நாவல் உண்மையான அக்கறையோடு சொல்கிறது. ஆனால் எதற்காகப் படிக்க வேண்டும் என்றால், புகுந்த வீட்டைச் சரியாக நடத்துவதற்காக. 1898இல் லாகூரிலிருந்து 'தஹ்ஸீபே நிஸ்வான்' என்ற பெண்கள் பத்திரிகை வந்தது, அதற்கு ஒரு பெண்ணே ஆசிரியராக இருந்தார். பெண்கள் எழுதப் பழகியது அப்படித்தான். கோபத்தோடு எழுத இன்னும் முப்பது வருடங்களுக்கு மேல் ஆனது.

அந்தக் கோபம் 1932 டிசம்பரில் லக்னோவில் 'அங்காரே' என்ற தொகுப்பாக வெளிவந்தது. அங்காரே என்றால் கங்குகள். சஜ்ஜாத் ஸஹீர், அகமது அலி, மஹ்முதுஸ்ஸஃபர், ரஷீத் ஜஹான் என்று நான்கு இளைஞர்கள். நால்வரில் ரஷீத் ஜஹான் மட்டும் பெண், மருத்துவம் படித்தவர். 1933 மார்ச்சில் ஐக்கிய மாகாண (இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதி) அரசு புத்தகத்தைத் தடை செய்தது. அதில் ரஷீத் ஜஹானின் 'தில்லி கீ ஸைர்', அதாவது தில்லி உலா, சில பக்கம்தான் வரும். ஃபரீதாபாத்திலிருந்து மலிகா பேகத்தைப் புருஷன் ரயிலில் தில்லிக்கு அழைத்துப்போகிறான். அக்கம்பக்கத்தில் ரயிலேறிய முதல் பெண் அவள்தான். ஊர் திரும்பியதும் தோழிகள் சுற்றி உட்கார்ந்து கதை கேட்கிறார்கள். அவள் பார்த்த தில்லி எது? ரயிலடி மட்டும்தான். தெரிந்த அதிகாரி ஒருவரைப் பார்த்ததும், சாமான்களின் மேல் இவளை உட்காரவைத்துவிட்டுப் புருஷன் போய்விடுகிறான். புர்க்காவுக்குள் புழுக்கம், பசி, சுற்றிலும் முறைக்கும் ஆண்கள். நெடுநேரம் கழித்து வந்தவன், தான் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டதாகவும் பசித்தால் பூரி வாங்கித் தருவதாகவும் சொல்கிறான். என்னை வீட்டுக்கே கொண்டுபோய் விடு என்கிறாள் அவள். சரி உன் இஷ்டம் என்று அடுத்த வண்டியில் ஏற்றிவிடுகிறான்.

அவன் கெட்டவன் இல்லை, கவனியுங்கள். மனைவிக்கு ஊர் காட்ட வேண்டும் என்று நினைத்தவன். அவள் ஒரு ஆள் என்பது மட்டும் அந்த இரண்டு மணி நேரம் அவன் நினைவில் இல்லை. எனக்குப் பிடித்தது, கதையை அவள் புலம்பலாகச் சொல்லவில்லை. தோழிகளிடம் சுவையாக, ஏற்ற இறக்கத்தோடு சொல்கிறாள். அந்தக் குரல் அவளுடையது, அவனுடைய அனுமதி கேட்டு வந்ததல்ல.

அதே தொகுப்பில் சஜ்ஜாத் ஸஹீரின் 'துலாரி'. பெரிய வீட்டு வேலைக்காரப் பெண்ணை அந்த வீட்டு மூத்த மகன் காசிம் ஆசை காட்டி மயக்குகிறான். அவனுக்கு வேறிடத்தில் நிச்சயமானதும் அவள் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள், பிறகு விலைமாதர் தெருவில் கிடைக்கிறாள், திரும்ப அழைத்துவருகிறார்கள். வீடே கூடி ஏசுகிறது, அவள் அசையாமல் நிற்கிறாள். அப்போது காசிம் வந்து, பாவம், இவளை விட்டுவிடுங்கள், பட்டது போதும் என்கிறான். வசவுகளையெல்லாம் தாங்கியவளால் அந்தப் பரிதாபத்தைத் தாங்க முடியவில்லை. அன்றிரவே மறுபடி போய்விடுகிறாள். இதை எழுதும்போது ஸஹீர் இளைஞர். இரக்கமும் ஆதிக்கமாக முடியும் என்று அந்த வயதில் பிடித்திருக்கிறார்.

இப்போது இந்த வரிசையில் நான் மிகவும் மதிக்கும் கதை, இஸ்மத்தின் 'சௌத்தீ கா ஜோடா'. கல்யாணமான நாலாம் நாள் மணப்பெண் உடுத்தும் உடை என்று அர்த்தம். முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் ஒரு பலகைக் கட்டில், அதன்மேல் வெளுத்த விரிப்பு. அதில் உட்கார்ந்து குப்ராவின் அம்மா துணி வெட்டுகிறாள். எவ்வளவு குறைவான துணியையும் மடித்துத் திருப்பி அளந்து உடையாக்கிவிடும் கைகாரி. பிள்ளை பிறந்த வீட்டுக்கும் அவள்தான் தைப்பாள், இறந்த வீட்டுக்குக் கஃபன் என்னும் சவத்துணியும் அவள்தான் கிழிப்பாள். புருஷன் இல்லை. குப்ராவுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது, வரன் இல்லை. பெட்டிக்குள் அவளுடைய சௌத்தி உடை காத்திருக்கிறது.

மாமன் மகன் ராஹத் போலீஸ் பயிற்சிக்காக வந்து இவர்கள் வீட்டில் தங்குகிறான். ஒவ்வொரு நகையாக விற்று அவனுக்குப் பராட்டாவும் கோஃப்தாவும் செய்கிறார்கள். வீட்டுப் பெண்கள் காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் தொட்டு விழுங்குகிறார்கள். குப்ரா அவன் கண்ணில் படக்கூடாது. திரைக்குப் பின்னால் நின்று சமைக்கிறாள், அவனுக்காக ஸ்வெட்டர் பின்னுகிறாள், அவன் அறையைப் பெருக்குகிறாள். தங்கை ஹமீதாதான் கதைசொல்லி. அவளைக் கேலிப்பேச்சு பேசி அவனை வளைக்கச் சொல்லி அனுப்புகிறார்கள். கடைசியில் ஓதிய மலீதாவை (ரொட்டியைப் பொடித்துச் செய்யும் இனிப்பு) எடுத்துப்போன தங்கையை அவன் கெடுத்துவிட்டு, உபசரிப்புக்கு நன்றி சொல்லி, வேறிடத்தில் நிச்சயமான கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பிவிடுகிறான். குப்ராவைக் காசநோய் கொண்டுபோகிறது. அதே பலகைக் கட்டில், அதே வெளுத்த விரிப்பு. அம்மா கடைசியாக ஒரு துணியை அளந்து கிழிக்கிறாள்.

ராஹத்தை அயோக்கியன் என்று நாம் சொல்லலாம். கதை அவனுக்கு அத்தனை இடம் கொடுப்பதே இல்லை. அவன் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறான், அவ்வளவுதான். இந்த ஏற்பாட்டை நடத்துவது பெண்கள். அம்மாவும் அவள் உடன்பிறவாச் சகோதரியாக வைத்துக்கொண்ட தோழியும் கூடிப் பேசித்தான் ஹமீதாவை அனுப்புகிறார்கள். ஆண் இல்லாத வீட்டில் ஆணாதிக்கம் எப்படி நடக்கும் என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைத்தான் கையில் கொடுப்பேன். தங்கள் பெண்ணைக் கரையேற்றும் பதற்றத்தில் அவர்கள் செய்வது ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் தெரியும். வரன் பார்க்க வருகிறவர்களுக்குக் கடன் வாங்கிக் கேசரி கிளறிய வீடுகளைப் பார்த்து வளர்ந்த யாரும் இதை அந்நியக் கதையாகப் படிக்க முடியாது.

சாதத் ஹசன் மண்ட்டோவை நீங்கள் படித்திருப்பதால், அவருடைய பேர்பெற்ற 'தண்டா கோஷ்த்' (குளிர்ந்த இறைச்சி) கதையை விட்டுவிடுகிறேன். அதிகம் பேசப்படாத 'லைசென்ஸ்' பற்றிச் சொல்ல வேண்டும். அபு என்ற குதிரைவண்டிக்காரன், அவனோடு ஓடிவந்த நேஸ்தி. பெண்ணைக் கடத்தினான் என்று அவன்மேல் வழக்கு, சிறை, அங்கேயே சாவு. வண்டியும் குதிரையும் அவளுக்கு மிஞ்சுகின்றன. வாடகைக்கு எடுத்த அபுவின் நண்பன் முதலில் பணம் ஒழுங்காகக் கொடுக்கிறான், அப்புறம் கல்யாணம் பேசுகிறான், அவள் மறுத்ததும் பணத்தைக் குறைக்கிறான். அடுத்து வந்தவன் குடித்துவிட்டுக் கையைப் பிடிக்கிறான். சரி, நானே ஓட்டுகிறேன் என்று ஏறி உட்காருகிறாள். வருமானம் நன்றாக வருகிறது. முனிசிபல் கமிட்டி கூப்பிட்டு லைசென்ஸைப் பறிக்கிறது. பெண் வண்டி ஓட்ட அனுமதி இல்லையாம். வண்டி என்னுடையது, குதிரை என்னுடையது, எனக்குத் தெரிந்த தொழில் இது, நான் எப்படிப் பிழைப்பது என்று கேட்கிறாள். போய்க் கடைவீதியில் உட்கார், அதில் வரும்படி அதிகம் என்று பதில் வருகிறது. வண்டியையும் குதிரையையும் விற்றுவிட்டு அபுவின் கல்லறைக்குப் போகிறாள். உன் நேஸ்தி இன்றைக்குக் கமிட்டி ஆபீசில் செத்துப்போனாள் என்று சொல்லிவிட்டு வருகிறாள். மறுநாள் மனு போடுகிறாள். உடலை விற்க லைசென்ஸ் கிடைத்துவிடுகிறது.

கடைசி வாக்கியத்தை மண்ட்டோ ஒரு அலுவலகக் குறிப்பு போல எழுதியிருக்கிறார், ஒரு உணர்ச்சிச் சொல்கூட இல்லை. ஆண்களின் சபலம் அவளை மெதுவாக நெருக்குகிறது. அதை முடித்துவைப்பது ரப்பர் ஸ்டாம்ப். குலாம் அப்பாஸின் 'ஆனந்தி'யிலும் இதே முனிசிபல் கமிட்டிதான். விலைமாதர்களை ஊருக்கு வெளியே துரத்துகிறார்கள். அவர்களைச் சுற்றிப் பூக்கடை, டீக்கடை, பள்ளிவாசல், கடைசியில் ஒரு புதிய ஊரே முளைத்துவிடுகிறது. இருபது வருடம் கழித்து அந்த ஊர்க் கமிட்டியும் அதே பெண்களை ஊருக்கு வெளியே அனுப்பக் கூடுகிறது. ஷ்யாம் பெனகலின் 'மண்டி' படம் இதிலிருந்து வந்ததுதான்.

மண்ட்டோவின் 'கோல் தோ'வில் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் கவனிக்கச் சொல்வேன். பிரிவினைக் கலவரத்தில் ஓடும்போது மகள் சகீனாவின் துப்பட்டா கீழே விழுகிறது. விட்டுவிடுங்கள் அப்பா என்று அவள் கத்தியும் சிராஜுத்தீன் நின்று குனிந்து எடுக்கிறார். அகதி முகாமில் கண் விழித்தபோது துப்பட்டா அவர் கோட்டுப் பையில் இருக்கிறது, மகள் இல்லை. பிறகு அவளைக் கண்டுபிடிக்கும் தன்னார்வ இளைஞர்களில் ஒருவன், துப்பட்டா இல்லாமல் கைகளால் மார்பை மறைத்துக்கொண்டு கூனிக் குறுகும் அவளுக்குத் தன் கோட்டைக் கழற்றிக் கொடுக்கிறான். அவர்களே அவளை என்ன செய்தார்கள் என்பது கடைசியில் தெரியும்போது, அந்தக் கோட்டு ஞாபகம் வரும். மானத்தைக் காப்பாற்றும் துணி இரண்டு முறை வருகிறது, இரண்டு முறையும் அவளைக் காப்பாற்றவில்லை. 1948இல் இதை வெளியிட்ட 'நுகூஷ்' பத்திரிகையை அரசு ஆறு மாதம் முடக்கியது.

இனி ராஜிந்தர் சிங் பேடியின் 'லாஜ்வந்தி'. நல்ல ஆணின் ஆதிக்கம் என்று நான் முதலில் சொன்னேனே, அதற்கு இதைவிடச் சிறந்த கதை எனக்குத் தெரியாது. லாஜ்வந்தி என்பது நம் தொட்டாற்சிணுங்கிச் செடிதான். தொட்டால் வாடும் என்று ஒரு பஞ்சாபிப் பாட்டோடு கதை ஆரம்பிக்கிறது. பிரிவினையில் கடத்தப்பட்ட பெண்களை மீட்டுப் பரிமாறிக்கொள்ள 1947 டிசம்பரில் இரு நாடுகளும் உடன்பட்டன, 1949இல் இந்தியாவில் தனிச் சட்டமும் வந்தது. மீண்டு வந்தவர்களைப் பல குடும்பங்கள் ஏற்கவில்லை. சுந்தர்லால் தெருத்தெருவாக விடியற்காலை ஊர்வலம் நடத்தி, இவர்களை மனத்தில் குடியேற்றுங்கள் என்று பாடுகிறான். அவன் மனைவி லாஜோவும் காணாமல் போனவள். முன்பெல்லாம் அவளைப் போட்டு அடித்தவன், அதற்காக இப்போது உள்ளூர வருந்துகிறான். ராமர் சீதையை அனுப்பியதைச் சொல்லி எதிர்க்கும் பெரியவரிடம், சீதை செய்த தப்பு என்ன என்று வாதாடுகிறான்.

லாஜோ ஒரு நாள் வந்துவிடுகிறாள். துயரத்தில் இளைத்திருப்பாள் என்று நினைத்தவனுக்கு அவள் உடம்பு தேறியிருப்பது உறுத்துகிறது. ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றி ஏற்றுக்கொள்கிறான். உன்னை வைத்திருந்தவன் யார், நன்றாக வைத்திருந்தானா என்று ஒரே ஒரு முறை கேட்கிறான். அவன் அடிக்கவில்லை, ஆனாலும் அவனிடம் பயமாக இருந்தது. நீங்கள் அடித்தபோதும் உங்களிடம் பயந்ததில்லை என்கிறாள். இனி அடிக்க மாட்டேன் தேவி என்று கண் கலங்குகிறான். அவள் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கும்போது, போனது போகட்டும், உன் தப்பு இல்லை என்று நிறுத்திவிடுகிறான். அன்றிலிருந்து அவள் தேவி. கேரட்டுக்குச் சண்டை போட்டு முள்ளங்கிக்குச் சமாதானமாகும் பழைய லாஜோவாக அவளுக்குத் திரும்ப வேண்டும். அது இனி நடக்காது. வீடு கிடைத்துவிட்டது, பேச்சு கிடைக்கவில்லை.

இதை முதல் முறை படித்தபோது சுந்தர்லால்மேல் எனக்கு மரியாதைதான் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது அவன் நிறுத்திய அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கேட்கப் பயந்தவன் அவன். அந்தப் பயத்துக்கு அவன் வைத்த பேர் மரியாதை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உருதுக் கதை என்றதும் இது முஸ்லிம் வீட்டுப் பிரச்சினை என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பேடி சீக்கியர், லாஜோ இந்துப் பெண். அவருடைய 'கிரஹண்' கதையில், கிரகண இரவில் புகுந்த வீட்டிலிருந்து ஓடும் கர்ப்பிணி ஹோலியும் இந்து. உருதில் எழுதத் தொடங்கிய பிரேம்சந்தின் 'கஃபன்' 1935இல் முதலில் உருதில்தான் வந்தது. குடிசைக்குள் புதியா பிரசவ வலியில் துடிக்கிறாள். வெளியே புருஷனும் மாமனாரும் சுட்ட உருளைக்கிழங்கு தின்கிறார்கள். உள்ளே போனால் அப்பன் மிச்சத்தைத் தின்றுவிடுவானோ என்று மாதவ் போகவே இல்லை. சாதியும் பசியும் அந்த ஆண்களை நசுக்கியிருப்பது உண்மை. அந்த நசுங்கலின் அடியில் புதியா கிடக்கிறாள். கதை முழுக்க அவளுக்கு ஒரு வசனம்கூட இல்லை, முனகல் மட்டும்தான். தலித் விமர்சகர்கள் இந்தக் கதையைக் கடுமையாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், கேட்கவும் வேண்டும்.

பெண்கள் பலியாட்கள் மட்டுமா என்றால், இல்லை. மண்ட்டோவின் 'ஹதக்'கில் சௌகந்தி பத்து ரூபாய்க்குப் போகிறவள், அதில் தரகனுக்கு இரண்டரை. ஒரு இரவு சேட் ஒருவன் டார்ச் அடித்து அவள் முகத்தைப் பார்த்து 'ஊம்ஹ்' என்று சொல்லிவிட்டுக் காரை ஓட்டிப் போகிறான். அந்த ஒற்றை ஒலி அவளைப் பிளந்துவிடுகிறது. அறைக்கு வந்து சுவரில் மாட்டிய ஆண்களின் படங்களை ஒவ்வொன்றாக எறிகிறாள், அன்பு காட்டிப் பணம் கறக்கும் மாதோவை விரட்டுகிறாள், தன் சொறிநாயைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். இஸ்மத்தின் 'கர்வாலீ'யில் லாஜோ என்று இன்னொருத்தி, மிர்ஸா வீட்டு வேலைக்காரி, தளர்ந்த பாவாடையில் சுதந்திரமாகத் திரிகிறவள். நிக்காஹ் ஆனதும் இறுக்கமான பைஜாமா போடச் சொல்கிறான். அவளுக்கு மூச்சு முட்டுகிறது. கல்யாணம் முறிந்து, அடிபட்டு, மறுபடி வேலைக்காரியாகவே அந்த வீட்டுக்குள் நுழைந்து பாவாடையைச் செருகிக்கொண்டு பெருக்க ஆரம்பிக்கிறாள். மனைவியாக இருந்தபோது பிடிபடாத வீடு இப்போது அவள் வீடாகிவிடுகிறது.

மண்ட்டோ மீது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அவருடைய பெண்கள் பெரும்பாலும் உடல் வழியாகவே நமக்கு அறிமுகமாகிறார்கள். சமையலறையில், தையலில், பிள்ளைப்பேற்றில் போகும் பொழுது அவரிடம் குறைவு. அதற்கு இஸ்மத்திடமும் ரஷீத் ஜஹானிடமும்தான் போக வேண்டும். ஹைதராபாத் நவாபு வீடுகளின் எஜமானி, வேலைக்காரி உறவைப் பார்க்க வாஜிதா தபஸ்ஸுமின் 'உத்ரன்' படியுங்கள். உடுத்திக் கழித்த துணியையே வாங்கி உடுத்தி வளர்ந்த பெண் எடுக்கும் பழி அது.

தொடங்குவதென்றால் 'தில்லி கீ ஸைர்', அடுத்து 'லைசென்ஸ்', பிறகு 'சௌத்தீ கா ஜோடா'. 'லாஜ்வந்தி'யைக் கடைசியில் வையுங்கள், இரண்டு முறை படியுங்கள். இரண்டாம் முறை சுந்தர்லால் பேசுவதை விட்டுவிட்டு லாஜோ வாய் திறக்கும் இடங்களை மட்டும் தொடர்ந்து போங்கள். எண்ணிவிடலாம், அவ்வளவு குறைவு.